ஆபீஸ் லேப்டாப்பும் அடியேனும்

ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவனுக்குச் சொந்தமாகச் சொத்து இருக்கிறதோ இல்லையோ, ஊரார் சொத்துக் கணக்கு முழுக்க அவன் தோள்பையில் இருக்கும். என் பையிலும் இருக்கிறது. பான் எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு, எந்தக் கிளையண்ட் யாருக்குக் கைமாற்றுக் கொடுத்தார், மச்சினன் பெயரில் வாங்கிப்போட்ட மனை எங்கே இருக்கிறது, எல்லாம் ஒரே லேப்டாப்புக்குள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் அந்தப் பையை வயிற்றோடு அணைத்தபடி பீச் வரைக்கும் நின்றுகொண்டே போவேன். பக்கத்தில் நின்ற ஒருவர், "உள்ளே குழந்தையா சார்?" என்று கேட்டே விட்டார்.

நானாக வளர்த்துக்கொண்ட பயமில்லை இது, முதலாளி ஊட்டியது. ஒருநாள் எங்களையெல்லாம் உட்காரவைத்து ஓர் அமெரிக்கக் கதை சொன்னார். 2006 மே மாதம் அந்த நாட்டு முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை ஊழியர் ஒருவர் வீட்டில் திருடன் புகுந்து லேப்டாப்பையும் கூட இருந்த ஹார்ட் டிஸ்கையும் தூக்கிப்போய்விட்டான். அதில் சுமார் 2.65 கோடி பேருடைய விவரம் இருந்தது, அதுவும் குறியாக்கம் எதுவும் செய்யாமல் பச்சையாக. அடுத்த மாதமே பொருள் திரும்பக் கிடைத்தது. உள்ளே இருந்த தகவலை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை என்று எஃப்.பி.ஐ.யும் சொன்னது. ஆனாலும் வழக்கு முடிய 2009இல் 2 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. "நம்ம நாட்டிலும் 2023இல் சட்டம் வந்தாச்சு. தகவலைச் சரியாகப் பாதுகாக்காவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரைக்கும் போகும்" என்று முடித்தார். அறையில் அத்தனை பேர் இருக்க, 250 கோடி என்னும்போது மட்டும் அவர் ஏன் என்னையே பார்த்தார் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கூட்டம் முடிந்த கையோடு ஆளுக்கு ஒரு எஃகு வடப் பூட்டு கொடுத்தார்கள். லேப்டாப்பின் பக்கவாட்டில் அதற்கென்றே ஒரு சின்னத் துளை இருக்கிறது. இத்தனை காலம் அதைக் காற்றுப் போகிற ஓட்டை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து, வடத்தைச் சாப்பாட்டு மேஜைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றி, லேப்டாப்பில் மாட்டிப் பூட்டி, சாவியைப் பூணூலில் கோக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வீட்டு வேலை செய்யும் அம்மா பெருக்க வந்தார். மேஜையின் ஒரு முனையை இடது கையால் தூக்கினார், வலது கையால் வடத்தைக் கீழ்வழியாக உருவினார், லேப்டாப்பும் வடமும் பூட்டுமாக என்னிடம் நீட்டி, "இத கொஞ்சம் பிடிங்க சார், தூசியா இருக்கு" என்றார். எங்கள் அம்மா ஊஞ்சலில் இருந்தபடியே, "ஏண்டா, பூட்டுறவன் நகராத பொருளாப் பார்த்துப் பூட்ட மாட்டியா? ஞாயித்துக்கிழமை உன்னோட சேர்த்துப் பூட்டலாம்" என்றாள்.

இன்னொரு சாமானும் கொடுத்தார்கள். திரைமேல் ஒட்டுகிற கறுப்புத் தாள். நேரே பார்த்தால் தெரியும், பக்கத்திலிருந்து பார்த்தால் இருட்டு. ரயிலில் உட்கார இடம் கிடைக்கிற அபூர்வ நாட்களில் நான் ட்ரையல் பேலன்ஸ் பார்ப்பதுண்டு. பக்கத்து இருக்கைக்காரர் ஒருவர் கூடவே படித்துக்கொண்டு வருவார். அவர் ஒரு முறை கூட்டலில் பிழை பிடித்துக் கொடுத்ததும் உண்டு. தாள் ஒட்டிய அன்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூட்டல் பிழையை இப்போது முதலாளிதான் பிடிக்கிறார்.

குறியாக்க விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸுக்குப் பாஸ்வேர்டு போட்டாயிற்றே, போதாதா என்று எங்கள் ஐடி பையனிடம் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. ஒரு பழைய லேப்டாப்பை எடுத்து, திருகுப்புளியால் அடிப்பலகையைக் கழற்றி, டிஸ்கை உருவி இன்னொரு கம்ப்யூட்டரில் சொருகினான். பாஸ்வேர்டே கேட்காமல் எல்லாக் கோப்பும் வரிசையாக வந்து நின்றன. டிஸ்க் முழுவதையும் பிட்லாக்கர் மாதிரி ஒன்றால் குறியாக்கம் செய்துவிட்டால், உருவிக்கொண்டு போனவனுக்குக் குப்பைதான் மிஞ்சும் என்றான். "அப்ப திருட்டுப் போனா மிஷின் காசோட போச்சு?" என்றேன். "ஆமா சார். ஆனா இந்த மீட்புச் சாவி மட்டும் பத்திரம்" என்று ஒரு தாளைக் கொடுத்தான். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி, மொத்தம் 48 இலக்கம். பத்திரம் என்றானே என்று, லேப்டாப் பையிலேயே முன் ஜிப்புக்குள் வைத்தேன். மறுநாள் அதைப் பார்த்த என் மனைவி, "ஏங்க, பீரோவைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவீங்களா?" என்று கேட்டு, அதை எடுத்து நகை அடகு ரசீதுகளோடு சேர்த்துவிட்டாள். ஏதோ அப்டேட் முடிந்து நீலத் திரை வந்து 48 இலக்கத்தையும் கேட்ட காலையில், அவள் போனில் வாசிக்க வாசிக்க நான் ஆபீசில் தட்டினேன். நடுவில் அவள் அடகு ரசீது எண்ணையும் சேர்த்து வாசித்துவிட்டாள் என்பது தனிக் கதை.

இவ்வளவு காவலிருந்தும் லேப்டாப் ஒருநாள் காணாமல் போயிற்று. சித்தப்பாவின் சதாபிஷேகத்துக்குக் குடும்பத்தோடு கும்பகோணம் போயிருந்தோம். மனைவியும் அம்மாவும் அங்கேயே தங்கிவிட, நான் மட்டும் திரும்பினேன். மேஜை காலியாக இருந்தது. கதவுப் பூட்டு சேதமில்லை, ஜன்னல் கம்பி சேதமில்லை. மனைவியிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால், தொலைத்தது அவளுக்குத் தெரிந்துவிடுமே!

நேரே போலீஸ் ஸ்டேஷன் போனேன். "சீரியல் நம்பர் என்ன?" என்றார் எழுத்தர். "லேப்டாப்புக்கு அடியில் ஒட்டியிருக்கு சார்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைச் சற்று நேரம் பார்த்தார். செல்போன் என்றால் ஐஎம்இஐ எண்ணை வைத்து முடக்கிவிடலாம். பெரும்பாலான லேப்டாப்புகளுக்கு அந்த எண் கிடையாது. சீரியல் நம்பரும் இல்லையென்றால், உன்னுடையதுதான் என்று சொல்ல ஆதாரம் ஏது?

ஐடி பையன் நல்லவன், திட்டவில்லை. ஆபீஸ் பதிவேட்டிலிருந்து நம்பரை எடுத்துக் கொடுத்தான், என் பாஸ்வேர்டுகளை மாற்றினான், உள்ளே இருப்பதைத் தூரத்திலிருந்தே அழிக்கக் கட்டளையும் அனுப்பினான். "மிஷின் நெட்டுக்கு வந்தாத்தான் கட்டளை போய்ச் சேரும் சார். அதுவரைக்கும் காத்துக்கிட்டிருக்கும்" என்றான். திருடன் ஆசையாகத் திறப்பான், கண்ணெதிரே எல்லாம் அழியும், முகம் கோணும் என்று கற்பனை செய்து அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மனைவி ஊரிலிருந்து வந்தாள். நான் பீரோவுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறி, வெண்கல அண்டாவின் மூடியைத் தள்ளி, உள்ளேயிருந்து லேப்டாப்பை எடுத்துக் கொடுத்தாள். "ஆளில்லாத வீட்டில் மேஜைமேலயா வச்சுட்டுப் போறது? அண்டாவை எந்தத் திருடன் தூக்குவான், அவ்வளவு கனம்!"

வந்த சந்தோஷத்தில் உடனே அதைத் திறந்தேன். வீட்டு வைஃபை அதற்குப் பழக்கமானது, தானே ஒட்டிக்கொண்டது. காத்துக்கொண்டிருந்த கட்டளை வந்து சேர்ந்தது. திரை அணைந்து எழுந்து சதவீதக் கணக்குக் காட்டியது. திருடனுக்காக நான் கற்பனை செய்து வைத்திருந்த முகத்தை என் மனைவி என்னிடம் நேரில் பார்த்தாள்.

சர்வரில் ஏற்றியதெல்லாம் பத்திரமாக இருந்தது. சர்வருக்குப் போகாமல் டெஸ்க்டாப்பில் நான் குவித்திருந்தவைதான் போயின. ஒரு கிளையண்டின் பாதி முடித்த ஸ்டாக் கணக்கு, மச்சினியின் நிச்சயதார்த்த போட்டோக்கள். கணக்குக்காக முதலாளி ஒரு நாள் கத்தினார். போட்டோக்களுக்காக வீட்டில் இன்னும் கத்தல் தொடங்கவில்லை, ஏனென்றால் இன்னும் யாரும் கேட்கவில்லை. நீங்களும் வாயை விட்டுவிடாதீர்கள்.