தலவிலை நடையும் இறையருளும்

கேள்வி: மீட்பு அருளால் இலவசம் என்றால், தலவிலை அன்னம்மாள் திருவிழாவுக்கு நான் நேர்த்தி வைத்து நடந்து போவது எதற்கு?
— வாசகி, சிலாபம்

பதில்: நன்றி சொல்ல, சகோதரி! எபேசியருக்கு எழுதிய கடிதத்தின் 2ஆம் அதிகாரத்தில் பவுல் மீட்பைக் கொடை என்கிறார். நம் செயலுக்குக் கூலி அல்ல. நற்செயல் அந்தக் கொடையிலிருந்து பிறப்பது. நூற்றாண்டுகளாக இதில் மோதிய கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும், மீட்பு நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே என்று 1999 அக்டோபர் 31இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் சேர்ந்தே கையெழுத்திட்டார்கள். வள்ளம் கரை தொடும்போது பிள்ளை அப்பாவிடம் ஓடுவது மீனில் பங்கு கேட்டா? தாராளமாக நடங்கள். காலில் வந்த கொப்புளங்களை மட்டும் எண்ணிக் கணக்கு வைக்காதீர்கள். பஸ்ஸில் வந்திறங்கும் ஆச்சிக்கும் அதே அருள்தான்.