ரசத்துல மண்டி தேடப் போற பேராண்டிக்கு

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. அந்த டிராலிப் பெட்டியை வாசல்ல நாலு தரம் உருட்டிப் பாத்தது போதும். இங்கிருந்து செம்மேடு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் அதை நீ தலையில வெச்சுத்தான் தூக்கிட்டுப் போகணும். கொல்லிமலையோட எழுபது கொண்டை ஊசி வளைவும் எறங்கி, காரவள்ளி தாண்டி, சமதளத்தைப் பாத்தப்புறந்தான் சக்கரத்துக்கு வேலை. வழியில எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே போ. பஸ்சுல வாந்தியெடுத்த சட்டையோட ஹாஸ்டலுக்குள்ள நொழைஞ்சா நாலு வருசத்துக்கும் அதான் உன் பேரு.

நேத்து ராத்திரி உங்கப்பன் உனக்கு ஒரு மணி நேரம் புத்தி சொன்னானே, கட்டில்ல கெடந்துக்கிட்டு அம்புட்டையும் கேட்டேன். "எங்க காலத்து ஹாஸ்டல்ல என்ன இருந்துச்சு? பட்டினி கெடந்து படிச்சோம்டா"ன்னான். அதுல பாதி பொய். உனக்கெப்படித் தெரியும்ங்கிறியா? மாசாமாசம் மணியார்டர் போட்டவன் நான்தானே. பட்டினி கெடக்கேன்னு கடுதாசி எழுதின அதே வாரம், பரோட்டாக் கடையில அவனைக் கண்ணாரப் பாத்ததா ஒரு மிளகு யாவாரி வந்து சொன்னார். நான் ஒண்ணும் கேட்டுக்கல. அடுத்த மாசம் பத்து ரூபா சேத்து அனுப்பினேன். கடன்னு எழுத வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் பய பட்டினின்னு எழுதுறான்னு புரிஞ்சுபோச்சு.

ஹாஸ்டல்ல இருந்தவன் எவனும் அதைப் பத்தி முழு உண்மை பேச மாட்டான். நான் உட்பட. அதனால நான் சொல்றதையும் கொஞ்சம் கழிச்சே கேட்டுக்க.

நான் பி.யூ.சி. படிக்கக் கீழ எறங்கினது 1971-ல. அப்ப பிளஸ் டூ கெடையாது, அது 1978-ல வந்தது. நாமக்கல்லும் தனி மாவட்டம் இல்ல, 1997 பொறக்குற வரைக்கும் நாம சேலத்துக்காரங்க. என் சொத்து ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், ஒரு அலுமினியத் தட்டு. அரசாங்க நல விடுதி, ஒரே நீள ஹாலு. வரிசையாப் பாய், தலமாட்டுல பெட்டி. பெட்டிதான் மேசை, பெட்டிதான் பீரோ, ரெண்டு பேருக்குச் சண்டை வந்தா நடுவுல நிக்க வெக்கிற செவரும் அதுதான்.

கீழ்நாட்டுப் பசங்க அந்த ஹாஸ்டல் சோத்தைக் கண்டாலே மொகத்தைச் சுளிப்பாங்க. கல்லு கெடக்கு, புழு கெடக்கு, நாத்தம் அடிக்குதும்பாங்க. எனக்கோ, சாமையும் ராகியும் தின்னு வளந்தவனுக்கு, நெல்லுச்சோறுங்கிறது நோம்பி நாள்ல பாக்குற பண்டம். அதைத் தெனமும் போடுறாங்களே, இவங்களுக்கென்ன புத்தி பெசகிப் போச்சான்னு நெனச்சேன். எல்லாரும் எளைச்சாங்க, நான் பெருத்தேன். லீவுக்கு வந்தப்ப எங்கம்மா கன்னத்தைத் தடவிப் பாத்துட்டு, "படிக்கத்தான் போனியா, எங்கியாவது பொண்ணு கட்டிக்கிட்டு மாமியா வீட்டுல இருந்துட்டு வந்தியா?"ன்னு கேட்டா.

இப்ப வேடிக்கையைப் பாரு. உன் காலேஜ்ல குடுத்த வழவழப் புத்தகத்துல, வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு நேரா 'மில்லட் ஸ்பெஷல்'னு போட்டிருக்கு. 2023-ஐச் சிறுதானிய ஆண்டுன்னு ஐக்கிய நாடுகள் சபை சொல்லுச்சு, அவ்வளவுதான், நான் வேணாம்னு ஓடிப்போன சாமை எனக்கு முந்தி ஹாஸ்டல்ல போயி உக்காந்துக்கிச்சு. நம்ம மலையில மரவள்ளி வந்து சாமைக் காடு சுருங்கினப்ப, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க வந்து வெதையை விட்டுராதீங்கன்னு ஊரு ஊராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்க. அப்ப நாங்க சிரிச்சோம். காசு குடுத்துத் திங்கச் சொன்னாத்தான் நம்மாளுக்கு ருசி தெரியும்.

சரி, சோத்துக்கு வந்துட்டோம், அதையே பேசுவோம். ஹாஸ்டல் கதையே அதுதான். ரசம் வாளியில வரும். ஊத்துற அண்ணன் கரண்டியை மேலாப்புல விட்டா வெந்நி. அடியில விட்டுக் கலக்கி மோந்தா மண்டி. யாருக்கு மேக்கரண்டி, யாருக்கு அடிக்கரண்டிங்கிறதுல ஒரு சட்டசபையே நடக்கும். வார்டனுக்கு வளைஞ்சு வளைஞ்சு வணக்கம் வெச்சவனெல்லாம் வெந்நி குடிச்சான். நான் சாயங்காலத்துல சமையக்கட்டுப் பக்கம் போயி, "பொழுதே போகலண்ணே"ன்னு சொல்லிக்கிட்டு வெங்காயம் உரிச்சுக் குடுப்பேன், வெறகு அடுக்கிக் குடுப்பேன். வருசம் பூரா மண்டி ரசம்.

ஹாஸ்டல்னா படிப்புக்குக் கட்டினதுன்னு நெனச்சுக்காத. 1916 வாக்குல மெட்ராஸுக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத வெளியூர்ப் பசங்களுக்குத் தங்கவும் திங்கவும் எடம் கெடைக்கல. டாக்டர் சி.நடேச முதலியார் திருவல்லிக்கேணியில 'திராவிடர் இல்லம்'னு ஒரு விடுதியைத் தொறந்தார். கொஞ்ச காலந்தான் நடந்துச்சு. ஆனா அங்க இருந்து படிச்ச ஆர்.கே.சண்முகம் செட்டியார் பின்னால சுதந்திர இந்தியாவோட மொத நிதி மந்திரி ஆனார். அப்புறம் சேரன்மாதேவி. வ.வே.சு.ஐயர் 1922-ல அங்க குருகுலம் தொடங்கினார், காங்கிரஸ் கட்சிப் பணமும் அதுல போட்டிருந்துச்சு. பிராமணப் பசங்க ரெண்டு பேருக்குத் தனிச் சாப்பாடுன்னு வெளியில தெரிஞ்சதும் வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் புடிச்ச புடியில கட்சியே ரெண்டுபட்டுப் போச்சு. 1925 கடைசியில பெரியார் காங்கிரசை விட்டு வெளிய வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். ரெண்டு பசங்க எங்க உக்காந்து சாப்பிடுறதுங்கிற சங்கதிடா இது.

அதுக்கு அரை நூற்றாண்டு கழிச்சு எங்க ஹால்ல ஒரே பந்திதான். சட்டம் அப்படி. ஆனாலும் பக்கத்துல நான் உக்காந்ததும் தட்டைத் தூக்கிக்கிட்டு நகர்ந்தவன் ஒருத்தன் இருந்தான். எனக்குக் கோவம் வரல. அவன் விட்டுட்டுப் போன எடத்துலயும் காலை நீட்டி வசதியா உக்காந்தேன். அடிக்கரண்டி எந்தப் பக்கமா எறங்குதுன்னு மூணு நாள் பாத்தான். நாலாம் நாள் அவனே நகர்ந்து நகர்ந்து என் பக்கத்துல வந்துட்டான். இன்னிக்கும் ஆடிப் பெருக்குக்கு வல்வில் ஓரி விழா பாக்க மலையேறி வந்தா நம்ம வீட்டுலதான் சாப்பிடுறான். உனக்கும் அவரைத் தெரியும், பேரு வேணாம்.

எங்களுக்கு முந்தின செட்டு வேற ரகம். 1965 மொழிப் போராட்டத்துல காலேஜுகளை மூடி, ஹாஸ்டல்களைக் காலி பண்ணச் சொன்னாங்க. பசங்களை ஊருக்கு அனுப்பிட்டா சத்தம் அடங்கிரும்னு அரசாங்கத்துக்கு நெனப்பு. அவனவன் போன ஊர்லயெல்லாம் ஒரு சத்தத்தைக் கெளப்பினான். 1967 தேர்தல்ல என்ன ஆச்சுன்னு உன் பாடப் புத்தகத்துலயே இருக்கும்.

உங்கப்பன் காலத்துக்கு வருவோம். 1984-ல எம்.ஜி.ஆர். ஆட்சியில சுயநிதிப் பொறியியல் காலேஜுகளுக்கு வாசலைத் தொறந்து விட்டாங்க. ஹாஸ்டலும் ஒரு யாவாரம் ஆச்சு. ஹால் போயி ரூமு, பாய் போயி இரும்புக் கட்டில். உங்கப்பன் இருந்தது அரசாங்கக் காலேஜ் ஹாஸ்டல்தான். அவன் செட்டு கத்துக்கிட்ட பெரிய விஞ்ஞானம், பக்கெட்டுக்குள்ள ஹீட்டர் கம்பியை மறைச்சு வெச்சு வெந்நி போடுறதும், அதே வெந்நியில முட்டை அவிக்கிறதும். பீஸ் போனா மாடி பூரா இருட்டு. எவனும் எவனையும் காட்டிக் குடுக்க மாட்டான். ராத்திரி ரேட்டு கொறையற நேரம் பாத்து எஸ்.டி.டி. பூத்து வாசல்ல வரிசையில நிப்பானாம், அதை நேத்து ரொம்ப உருக்கமாச் சொன்னான். அப்ப நம்ம வீட்டுல போனே இல்லையேடா! யாருக்குப் பேச நின்னான்னு உங்கம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நீயும் கேட்டு வெக்காத.

ஒண்ணு மட்டும் சிரிக்காமச் சொல்றேன், கேளு. 1996-ல சிதம்பரத்துல மருத்துவம் படிக்கப் போன ஒரு பையனை ராகிங்ங்கிற பேருல கொன்னே போட்டாங்க. அதுக்கப்புறம்தான் 1997-ல ராகிங் தடுப்புச் சட்டம் வந்துச்சு. "சீனியர்னா அப்படித்தான் தம்பி, சும்மா வெளையாட்டு"ன்னு எவனாவது சொன்னா அன்னிக்கே எழுதிக் குடு. நீ சீனியர் ஆனப்புறமும் இது ஞாபகம் இருக்கட்டும்.

அப்புறம் வந்துச்சு பாரு நம்ம மாவட்டத்தோட மகிமை. 2007-ல தொழிற்படிப்புக்கு நுழைவுத் தேர்வு போயி, பிளஸ் டூ மார்க்குதான் எல்லாம்னு ஆச்சு. நாமக்கல், ராசிபுரம் பக்கமெல்லாம் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம். மாநிலத்தோட அந்தக் கோடியில இருந்தெல்லாம் புள்ளைங்களைக் கொண்டாந்து விட்டாங்க. முட்டைக்கோழிப் பண்ணையில நீயே பாத்திருப்பே, பொழுது சாஞ்சப்புறமும் லைட்டு எரியும். தெனம் பதினாறு மணி நேரம் வெளிச்சம் பட்டாத்தான் கோழி வஞ்சனையில்லாம முட்டையிடும். பள்ளிக்கூடம் நடத்துறவங்களும் அதே ஊர்க்காரங்கதானே! விடியறதுக்கு முந்தி லைட்டு, நடுச்சாமம் வரைக்கும் லைட்டு. உன் பெரியப்பன் மகன் அங்க ரெண்டு வருசம் இருந்தான். ஞாயித்துக்கிழமை நான் டிபன் கேரியரோட போனா, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு தின்னுக்கிட்டே வாட்சைப் பாப்பான். மார்க்கு அள்ளிக்கிட்டு வந்தான், இல்லேங்கல. ஆனா வீட்டுக்கு வந்து ஆறு மாசத்துக்கு, ராத்திரி லைட்டை அணைச்சா அவனுக்குத் தூக்கம் வரல. 2017-ல நீட் வந்து பிளஸ் டூ மார்க்குக்கு மவுசு கொறஞ்சதும், பல எடத்துல போர்டை அழிச்சு நீட் கோச்சிங்னு எழுதிக்கிட்டாங்க. லைட்டு மட்டும் அணையல.

இப்ப உன் ஹாஸ்டல். வைஃபை இருக்காம், ஜிம் இருக்காம், துணி தொவைக்க மெஷின் இருக்காம். நல்லது, அனுபவி. துணி தொவைச்சுத் தொவைச்சுத்தான் எங்களுக்கு அறிவு வந்துச்சுன்னு எவனாவது சொன்னா நம்பாத, சொரி சிரங்குதான் வந்துச்சு. வாசல்ல வெரல் வெச்சாத்தான் உள்ள விடுவாங்களாம், நீ எத்தனை மணிக்கு வந்தேன்னு உங்கப்பன் போனுக்குச் சேதி போயிருமாம். நாங்க செவரேறிக் குதிச்சு ரெண்டாம் ஆட்டம் பாத்தோம். நீ குதிச்சா இங்க நம்ம வீட்டுல மணியடிக்கும், சிக்னல் கெடைச்சா.

ஆனா அந்தப் புத்தகத்துல ஒரு பக்கத்தைப் படிச்சுட்டு எனக்குச் சிரிப்பு தாங்கல. ஏசி ரூமுக்காரங்களுக்கு ஒரு மெஸ், ஏசி இல்லாதவங்களுக்கு ஒரு மெஸ். அந்த மெஸ்சுல பன்னீரு, இந்த மெஸ்சுல பட்டாணி. சேரன்மாதேவியில ரெண்டு பேருக்குத் தனிச் சாப்பாடு போட்டதுக்கு ஒரு கட்சியே ஒடைஞ்சுதே, இங்க எரநூறு பேருக்குத் தனிப் பந்தி வெச்சுருக்காங்க, அதைக் கலர்ல அச்சடிச்சும் குடுத்திருக்காங்க. கேட்டா வசதியாம். உங்கப்பன் கடனை வாங்கியாவது ஏசிக்குக் கட்டுறேன்னு நின்னான், நான்தான் தடுத்தேன். கொல்லிமலையில பொறந்தவனுக்கு ஏசி எதுக்குடா?

உங்கக்காவைப் பாரு. அவ இருக்கறது அரசாங்க விடுதி. 2025 சூலையில அதுங்களுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி'ன்னு பேரு வெச்சிருக்காங்க. நல்ல பேரு. காலேஜ் புள்ளைக்கு மாசச் சாப்பாட்டுப் படி 1,500 ரூபா, 2023-லதான் 1,100-ல இருந்து ஏத்துனாங்க. நாளைக்கு அம்பது ரூபா, வேளைக்குப் பதினாறு ரூபா சொச்சம். அந்தக் காசை எடுத்துக்கிட்டு நாமக்கல் பஸ் ஸ்டாண்டுல போயி ஒரு வேளை வயித்தை ரொப்பிப் பாரு, தெரியும். புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் அவ கணக்குல விழுது, அதுலதான் மாசக் கடைசி ஓடுது. அவ ஹாஸ்டல் கேட்டு ஆறு மணிக்குச் சாத்திருவாங்க, நூலகம் எட்டு மணி வரைக்கும் தொறந்திருக்கும். பொம்பளப் புள்ளைங்களுக்கு மட்டும் பொழுது சீக்கிரம் சாயுது போலருக்கு. ஆனா நீ ஒரு நாள் அவளைப் பாக்கப் போயி அந்தப் பந்தியைப் பாரு. திருச்செங்கோட்டுப் புள்ள, ஏற்காட்டுப் புள்ள, தறிக்காரர் மகள், கூலிக்காரர் மகள், ஒருத்தி தட்டுல இன்னொருத்தி கை இருக்கும்.

நீ போனதும் செய்ய வேண்டியது ரொம்ப இல்ல. வார்டன் பேரைத் தெரிஞ்சுக்கிறதுக்கு முந்தி சமையக்காரர் பேரைத் தெரிஞ்சுக்க. ரூமுல நாலு பேரு நாலு செவரைப் பாத்து நாலு போனை நோண்டிக்கிட்டுக் கெடப்பீங்க, எனக்குத் தெரியும். அதுக்கு நான் வெய்யல. எங்க காலத்துல போன் இருந்திருந்தா நாங்களும் அதேதான் பண்ணியிருப்போம். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் அதைத் தலகாணிக்குக் கீழ போட்டுட்டுக் கீழ எறங்கிப் போ. ஸ்விக்கிக்காரன் கொண்டாந்து குடுக்குறதைக் கட்டில்ல உக்காந்து தனியாத் தின்னா உன் பக்கத்துல இருந்து எவன் நகர்ந்து போனான், எவன் நகர்ந்து வந்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?

போயிட்டு வா, சாமி. பெட்டியைப் பாத்துத் தூக்கு.

ஏப்பா, உள்ள உக்காந்து ஒட்டுக் கேட்டுக்கிட்டிருக்கியே, உன்னைத்தான். வருசா வருசம் பழைய மாணவர் சங்கம்னு கூடி, ஆளுயரத்துக்கு பிளெக்ஸ் வெச்சு, மண்டபத்துல பிரியாணி தின்னுட்டு, ஹாஸ்டல் நாளை நெனச்சுக் கண்ணு கலங்குறீங்களே. அடுத்த தரம் மண்டபம் வேண்டாம். நேரா அதே பழைய ஹாஸ்டலுக்குப் போங்க. இப்ப அங்க இருக்கற பசங்களோட தரையில உக்காந்து, அவங்க தட்டுல என்ன விழுதோ அதையே ஒரு வேளை சாப்பிடுங்க. பிளெக்ஸ் காசு மிஞ்சும்ல, அதுல அந்தக் கக்கூசுக்கெல்லாம் தாப்பாள் போட்டுக் குடுத்துட்டு வாங்க.