பட்டம் வேறு, பொறியியலாளர் வேறு

கேள்வி: எஸ்.பி.எம். முடித்த பிள்ளை இஞ்சினியரிங் சேர எத்தனை வழி? (கிள்ளான்)

பதில்: முக்கிய அரசு வழிகள் மூன்று: ஆறாம் படிவத்தில் எஸ்.டி.பி.எம்., ஓராண்டு மெட்ரிகுலேஷன், ஷா ஆலாமில் இருப்பது போன்ற பாலிடெக்னிக்கில் டிப்ளோமா. நான்காவது வழி, பெற்றோரின் பணப்பை. பெரும்பாலான வழிகளில் கூடுதல் கணிதமும் இயற்பியலும் வாசலில் நின்று டிக்கெட் கேட்கும். மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ரா அல்லாதோருக்குப் பத்து விழுக்காடு என்பது நெடுநாள் கணக்கு. 2024இல், பத்து ஏ-யும் அதற்கு மேலும் எடுத்தவருக்கு இனம் பாராமல் இடம் உண்டு என்று அரசு அறிவித்தது. ஒன்பதோடு நின்றவர் பழைய வரிசையிலேயே நிற்கிறார்.

கேள்வி: பெரியப்பா மலாயாப் பல்கலைக்கழகம் என்கிறார், சித்தி தனியார் என்கிறார், தாத்தா கோயம்புத்தூர் என்கிறார். யார் சொல்வது சரி? (பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: மூவருமே கட்டடத்தைப் பார்க்கிறார்கள், பார்க்க வேண்டியது பட்டியலை. மலேசியப் பொறியியலாளர் வாரியம், 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி 1972இல் அமைந்தது. அதன் அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை; ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. சிவில் பட்டியலில் இருக்கும். பக்கத்து அறையில் நடக்கும் புதுப் படிப்பு இல்லாமலும் போகலாம். 2009இல் மலேசியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. அதனால் இங்கே அங்கீகாரம் பெற்ற நான்காண்டுப் பட்டத்தை ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் இணையானதாக ஏற்கின்றன. இந்தியா 2014இல் சேர்ந்தது. ஆனால் அங்கும் அந்நாட்டு அங்கீகார அமைப்பான என்.பி.ஏ.வின் முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கே இந்தச் சலுகை. தாத்தா சொல்லும் ஊருக்கு விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் மலேசிய வாரியத்தைக் கேட்டுவிடுவது மலிவு.

கேள்வி: ‘இஞ்சினியரிங் டெக்னாலஜி’யும் இஞ்சினியரிங்தானே? (ஷா ஆலாம்)

பதில்: இல்லை. செய்முறை மிகுந்த அந்தப் பட்டத்துக்கு, 2015ஆம் ஆண்டின் 768ஆம் சட்டம் தனி வாரியமே அமைத்திருக்கிறது. தொழிற்சாலைகள் அதை விரும்புகின்றன, ஆனால் பதிவுபெற்ற தொழில்முறைப் பொறியியலாளரைக் குறிக்கும் ‘ஐ.ஆர்.’ ஆக அது நேர்வழி அன்று.

கேள்வி: மகன் பட்டமளிப்பு விழா முடிந்தது. பெயருக்கு முன் ‘ஐ.ஆர்.’ போட்டுக் கல்யாணப் பத்திரிகை அடிக்கலாமா? (காப்பார்)

பதில்: அச்சகத்தை நிறுத்தவும். பட்டம் கிடைத்ததும் பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிய வேண்டும். பிறகு தகுதிபெற்ற பொறியியலாளர் மேற்பார்வையில் குறைந்தது மூன்று ஆண்டு வேலை. அதன் பின் தொழில்முறை மதிப்பீட்டுத் தேர்வு. அதில் தேறிப் பதிவு பெற்றவரே ‘ஐ.ஆர்.’ அதோடும் முடியவில்லை. 2015 திருத்தத்துக்குப் பின், அதிகாரிகளிடம் வரைபடம் சமர்ப்பித்துக் கையெழுத்திட இன்னொரு தேர்வும் சான்றிதழும் வேண்டும். பாலத்தில் விரிசல் விட்டால் யாரைத் தேடுவது என்று சொல்லும் கையெழுத்து அது. இப்போதைக்குப் பத்திரிகையில் ‘பி.இஞ்ச்.’ போதும், பெண் வீட்டார் மறுக்க மாட்டார்கள்.

கேள்வி: படித்துவிட்டு கிராப் ஓட்டத்தானே போகிறார்கள்? (பூச்சோங்)

பதில்: ஓட்டுபவர்கள் உண்டு. நாடு எதைக் கட்டுகிறதோ அந்தத் துறைக்கு வேலை என்பது பழைய கதை. இன்றைய மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் (யு.டி.எம்.) வேர், ரயில்வேக்கும் பொதுப்பணித் துறைக்கும் ஆள் பயிற்ற 1904இல் கோலாலம்பூரில் தொடங்கிய வகுப்பு. சிவில் துறையில் அந்தச் சார்பு இன்னும் அப்படியே: 2018இல் கிள்ளான் வரை வரும் மூன்றாம் எல்.ஆர்.டி.யின் செலவு 31.65 பில்லியன் ரிங்கிட்டிலிருந்து 16.63 பில்லியனாக வெட்டப்பட்டு, ஐந்து நிலையங்கள் கைவிடப்பட்டன. நிலையம் போனால் அதற்கான வேலையும் போகும். மெக்கானிக்கல் படித்தவருக்குத் துறைமுகத்துப் பளுதூக்கிகளும் தொழிற்சாலைப் பராமரிப்பும் உண்டு. இரவு ஷிப்டும் உண்டு. மின்னணுவியலுக்கு இப்போது காற்று சாதகம்: 2024 மே மாதம் வெளியான தேசியக் குறைக்கடத்தி வியூகம் 60,000 பொறியியலாளர்களைப் பயிற்றுவிக்க இலக்கு வைத்தது. சில்லு வடிவமைப்புப் பூங்கா அந்த ஆகஸ்டிலேயே திறந்தாகிவிட்டது, அதுவும் பூச்சோங்கில். கேள்வி கேட்டவர் கிராப் பிடித்தே போய்ப் பார்த்து வரலாம்.