கழுதையும் கற்பூரமும்

கார்பன் நானோகுழாயை மலிவாகச் செய்து காட்டுகிறேன் என்று முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது என் முதலீடு ஒரு கிலோ கற்பூரம். ஜப்பானின் மெய்ஜோ பல்கலைக்கழகத்தில் முகுல் குமாரும் யோஷினோரி ஆண்டோவும் கற்பூரத்திலிருந்தே அதை வளர்த்திருந்தார்கள். கற்பூரத்தோடு கொஞ்சம் பெர்ரோசீன் கலந்து ஆவியாக்கி, ஏறக்குறைய 900 டிகிரியில் காயும் குவார்ட்ஸ் குழாய்க்குள் அனுப்ப வேண்டும். பெர்ரோசீனிலிருந்து பிரியும் இரும்புத் துகள்மேல் கரி குழாய்குழாயாக முளைக்கும். கற்பூரம்தானே, நம்ம ஊர்ச் சரக்கு என்று இளக்காரமாக நினைத்துவிட்டேன்.

டப்பாவைச் சரியாக மூடவில்லை. உலை என் முறைக்கு வருவதற்குள் கால்வாசி காற்றோடு போயிருந்தது. கற்பூர வாசனை கழுதைக்குத் தெரியுமோ என்னவோ, எங்கள் துறை முழுக்கத் தெரிந்துவிட்டது. "என்னப்பா, தினமும் தீபாராதனையா?" என்றார் கைடு.

முதல் ஓட்டத்தில் ஆவி உலைக்குள் போகுமுன்பே, குழாயின் குளிர்ந்த பகுதியில் மறுபடி வெள்ளைக் கட்டியாகி அடைத்துக்கொண்டது. ஆர்கான் வாயு போக வழியில்லாமல் ரப்பர் மூடி பறந்து கூரையில் மோதியது. அடுத்த முறை நன்றாகக் கரி படிந்தது. பார்க்கும் ஆசையில், 600 டிகிரி இருக்கும்போதே திறந்தேன். காற்றுப் பட்டதும் கரி கனன்று எரிந்துபோய், மிஞ்சியது துருநிறப் பொடி. உலை ஆறும்வரை பொறுக்கத் தெரியாதவன் ஏன் ஆராய்ச்சிக்கு வரவேண்டும்?

மூன்றாவது முறை பொறுத்தேன். கன்னங்கரேல் என்று ஒரு கைப்பிடி. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு முன்பே துறையில் மைசூர்பாகு கொடுத்துவிட்டேன், அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. திரையில் குழாய் ஒன்றுகூட இல்லை. எல்லாம் உருண்டை உருண்டையாக. நுண்ணோக்கியை இயக்கியவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தம்பி, இது சாதாரணப் புகைக்கரிங்க."

போதாக்குறைக்கு 2020இல் கீழடிச் செய்தி வந்தது. அங்கே கிடைத்த சுமார் 2600 ஆண்டுப் பழைய பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய் இருப்பதை வேலூர் விஐடி ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அம்மா போனில் கேட்டாள்: "குயவர் சூளையிலேயே வந்திருக்காம். உன் அடுப்புல மட்டும் ஏன்டா வரல?"

சாயக் கழிவுநீரைக் கரியால் வடிகட்டுவது பற்றி எழுதித்தான் கடைசியில் பட்டம் வாங்கினேன். மிச்சக் கற்பூரம் அம்மாவிடம் இருக்கிறது. பூஜையில் நன்றாக எரிகிறதாம்.