மாரெக்கின் நான்கு சேவல்கள்

1907-இல் புடாபெஸ்ட்டின் கால்நடை மருத்துவப் பேராசிரியர் யோசேஃப் மாரெக் முன்னால் நான்கு சேவல்கள், காலும் சிறகும் விளங்காமல் சாய்ந்து கிடந்தன. வேறு ஆளாக இருந்தால் குழம்பு வைத்திருப்பார். இவர் நரம்பை அறுத்துப் பார்த்து, "தடித்திருக்கிறது, அழற்சி" என்று எழுதி வைத்தார். நன்றிக்கடனாக உலகம் அந்த நோய்க்கே அவர் பெயரைச் சூட்டியது. என்ன மரியாதையோ!

நோய்க்குக் காரணமான ஆசாமி சிக்க அறுபது வருடம் ஆனது. 1967-இல் இங்கிலாந்தின் ஹௌட்டன் ஆராய்ச்சி நிலையத்தில் சர்ச்சிலும் பிக்ஸும் (அந்தச் சர்ச்சில் இல்லை, இவர் கோழிச் சர்ச்சில்) பிடித்தது ஒரு ஹெர்பிஸ் வைரஸ்.

அதுவரை எங்கே பதுங்கியிருந்தது? போலீஸ் ஸ்டேஷனிலேயே. தூசியோடு நுரையீரலில் புகுந்ததும் நோயை விரட்ட வேண்டிய பி செல்களில் ஏறும். கலவரம் கேட்டு ஓடிவரும் டி செல்களுக்குத் தாவும். செல் விட்டுச் செல் நேராக நகர்வதால் ரத்தத்தில் ரோந்து சுற்றும் ஆன்டிபாடிகள் கண்ணில் படாது. "உள்ளே அந்நியன் இருக்கிறான்" என்று செல் வெளியே காட்டும் எம்எச்சி மூலக்கூறுகளையும் குறைத்துவிடும். பிறகு தன் மரபணுவைக் கோழியின் குரோமோசோம் நுனியில் செருகிவிட்டுப் படுத்துவிடும். இனி கோழி எது, வைரஸ் எது என்று யார் பிரிப்பது? வைரஸின் 'மெக்' மரபணுவின் கைங்கரியத்தில் அதே டி செல் புற்றாகும். வெளியேற இறகின் வேர் இருக்கிறது: பொடுகாய் உதிர்ந்து, கொட்டகைத் தூசியில் மாதக்கணக்கில் அடுத்த மூக்குக்குக் காத்திருக்கும்.

1970 வாக்கில், யாருக்கும் கெடுதல் செய்யாத வான்கோழி ஹெர்பிஸ் வைரஸைத் தடுப்பூசியாக்கினார்கள். கட்டிகள் நின்றன, புற்றுநோயையே ஊசியால் தடுத்தோம் என்று மார்தட்டினார்கள், நியாயமாகவே. ஆனால் ஊசி கட்டியைத்தான் தடுத்தது. வைரஸ் குடியேறுவதையும் இறகு வழியே கிளம்புவதையும் தடுக்கவில்லை. கோழி சீக்கிரம் செத்தால் வைரஸுக்கும் பிழைப்பு போகும். ஊசி போட்ட கோழிதான் சாகாதே, அப்புறம் என்ன அடக்கம்? வீரிய ரகம் போய் அதிவீரிய ரகம் வந்தது. அதற்கும் மேல் ஒன்று வந்ததும் பெயர் தீர்ந்துபோய், பின்னால் ஒரு பிளஸ் குறி ஒட்டினார்கள்.

2015-இல் ஆய்வாளர் ஆண்ட்ரூ ரீட்டின் குழு கணக்கை முடித்தது. மிகக் கொடிய ரகங்கள் ஊசி போடாத கோழியைப் பத்தே நாளில் தீர்த்து, பரவ நேரமில்லாமல் தாமும் முடங்குகின்றன. ஊசி போட்ட கோழியோ வாரக்கணக்கில் வைரஸை உதிர்த்தபடி ஜம்மென்று தீனி கொத்துகிறது. ஊசியை நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் பண்ணையே காலி. அதனால் பல இடங்களில் முட்டைக்குள்ளேயே, அடைவைத்த 18-ஆம் நாள் வாக்கில், குத்திவிடுகிறார்கள்.