கெர்னலுக்குள் வருகைப் பதிவேடு

கேள்வி: லினக்ஸ் கெர்னலுக்குள் எந்த ஃபங்ஷன் எத்தனை முறை ஓடுகிறது என்று கணக்கெடுத்தால், கம்ப்யூட்டர் மந்தமாகிவிடாதா?

பதில்: கணக்கெடுக்காத நேரத்தில் ஆகாது. 2008-ல் லினக்ஸ் 2.6.27-ல் சேர்ந்த, ஸ்டீவன் ராஸ்டெட் உருவாக்கிய எஃப்டிரேஸ் என்ற கண்காணிப்புக் கருவியின் அழகே அதுதான். கம்பைல் செய்யும்போதே ஏறக்குறைய எல்லா ஃபங்ஷன்களின் வாசலிலும் ஒரு காவலாளியை நிறுத்திவிடுகிறார்கள். பூட் ஆகும்போது அந்த இடங்கள் ‘ஒன்றும் செய்யாதே’ என்ற கட்டளையாக மாறும். காவலாளிக்குத் தூக்கம், நமக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. எஃப்டிரேஸின் கணக்கெடுக்கும் வசதியான புரொஃபைலரை இயக்கினால் காவலாளி விழித்து, யார் எத்தனை முறை வந்தார், எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்று குறித்துக்கொள்வார். அப்போது வேகம் குறையும். எனவே தேவையான ஃபங்ஷன்களை மட்டும் வடிகட்டிக் கண்காணியுங்கள். எண்ணிப் பார்க்காமல் மந்தத்துக்கு ஏதோ ஒரு ஃபங்ஷன்மேல் பழிபோட்டால், நிரபராதியைத்தான் திருத்திக்கொண்டிருப்போம்!