பழைய துணிக்குப் பவுண்டு

ஆறடிக்கு நாலடி. நடுவில் முட்டைக்கோஸ் பருமனுக்கு ரோஜாப் பூக்கள், நாலு மூலையிலும் ஆளுக்கொரு கிளி. அதில் ஒரு கிளிக்குக் கண்ணைக் காணோம். விலை ஆயிரத்து முந்நூறு பவுண்டு. பக்கத்திலேயே கிட்டத்தட்ட அதே ரோஜா, அதே கிளியோடு இன்னொரு கம்பளம். எல்லாக் கிளிக்கும் கண் இருக்கிறது. விலை நானூறு.

"கண் தெரியாத கிளிக்கு எதற்கு ஐயா கூடுதல் விலை?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"அது விக்டோரியா ராணி காலத்துக் கிளி. இது சீனாவில் செய்தது" என்றார், குருடியை வாஞ்சையோடு தடவியபடி.

நான் வளர்ந்த கும்பகோணத்தில் பழைய துணிக்கு வேறு பொருளாதாரம். "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று கூவிக்கொண்டு வரும் அம்மாளிடம் நாலு வேட்டி, அப்பாவின் பேண்ட் இரண்டு, ஜரிகை கறுத்த புடவை ஒன்று எல்லாவற்றையும் போட்டு, அரை மணி நேரம் தொண்டை வற்றப் பேரம் பேசினால் ஒரு எவர்சில்வர் தட்டு கிடைக்கும். துணியில் ஓட்டை இருந்தால் தட்டு கிண்ணமாகச் சுருங்கிவிடும். அந்தக் கணக்கில் ஊறிய மூளையை லண்டனுக்குக் கொண்டுவந்து, ஓட்டைக்கும் சேர்த்துக் காசு கொடு என்றால் அது எப்படிக் கொடுக்கும்?

கொடுக்க வைத்தவள் என் மனைவி. "என்னங்க, ஹாலுக்கு ஒரு நீடில்பாயின்ட் ரக் வாங்கணும். பழசா இருக்கணும்" என்றாள். வீட்டில் ஏற்கெனவே நான் இருக்கிறேன் என்பதை நினைவூட்டிப் பார்த்தேன். எடுபடவில்லை.

நீடில்பாயின்ட் கம்பளம் தறியில் நெய்வதல்ல. பாரசீகக் கம்பளத்தைப் போல முடிச்சுப் போடுவதும் அல்ல. கட்டம் கட்டமாக இடைவெளி விட்டு நெய்த கேன்வாஸ் துணியை எடுத்துக்கொண்டு, ஊசியில் உல்லன் நூலைக் கோத்து, ஒரு கட்டம் விடாமல் கையாலேயே நிரப்புவது. மேலே ரோமம் கிடையாது; தடவினால் தட்டையாக, லேசாகச் சொரசொரக்கும். சுருக்கமாகச் சொன்னால், மொத்தக் கம்பளமும் எம்பிராய்டரி. எம்பிராய்டரியைத் தரையில் விரித்து அதன் மேல் பூட்ஸ் காலோடு நடக்க வெள்ளைக்காரர்களால்தான் முடியும். நம் வீடுகளில் பெண்கள் மேட்டி துணியில் கிராஸ் ஸ்டிச் போட்ட கிளியையும் அன்னத்தையும் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துக் கூடத்தில் மாட்டினோம். பெண் பார்க்க வந்தவர்களிடம் "எல்லாம் எங்க பொண்ணு போட்டதுதான்" என்று காட்டினோம். கலியாணத்துக்குப் பிறகு அந்தப் பெண் ஊசியைத் தொட்டாளா என்று யாரும் கேட்டதில்லை.

அந்தக் கிளிக்கும் இந்தக் கிளிக்கும் பூர்வீகம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். 1800களின் தொடக்கத்தில் பெர்லின் நகரத்து அச்சுக்கூடங்கள் கட்டம் போட்ட தாளில் படத்தை அச்சடித்து, கையால் வர்ணம் தீட்டி விற்க ஆரம்பித்தன. ஓவியம் வரையத் தெரிய வேண்டாம். கட்டத்தை எண்ணத் தெரிந்தால் போதும். 1840க்குள் 14,000 வடிவங்கள் வெளிவந்துவிட்டன. இங்கிலாந்தில் சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்ள வசதியிருந்த வீடுகளுக்கெல்லாம் பித்துப் பிடித்தது. நாற்காலி, திண்டு, கணப்புத் தட்டி, வேலைக்காரரைக் கூப்பிடும் மணியின் பட்டை என்று வீட்டில் அசையாமல் இருந்த எல்லாவற்றின் மேலும் பூ பூத்தது. கணவன்மார் அசைந்துகொண்டிருந்ததால் தப்பினார்கள். அப்படியும் அவர்கள் காலில் போட்ட ஸ்லிப்பரை விடவில்லை.

1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில், 150 சீமாட்டிகள் ஆளுக்கொரு துண்டாகத் தைத்து ஒன்றாக இணைத்த கம்பளத்தை வைத்தார்கள்; அது விக்டோரியா ராணிக்குக் காணிக்கை. நூற்றைம்பது பேரும் நூலை ஒரே இறுக்கத்தில் இழுத்திருப்பார்களா என்பது என் மாமியாரின் கேள்வி. அவரிடம் பிறகு வருகிறேன்.

1856இல் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் ஈஸ்டர் விடுமுறையில், மலேரியாவுக்கான குயினைனை வீட்டிலேயே செய்து பார்க்கிறேன் என்று உட்கார்ந்து, கடைசியில் ஊதாச் சாயத்தைச் செய்துவிட்டான். மலேரியா பிழைத்தது. அவன் சாயத் தொழிற்சாலை கட்டிய கிரீன்ஃபோர்ட், வெம்ப்ளிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ். அதற்குப் பிறகு ஊதாவும் மெஜந்தாவும் கண்ணைப் பறிக்கும் பச்சையும் உல்லன் நூலுக்குள் வெள்ளமாக வந்தன. ஆகவே அந்த ரசாயனப் பளபளப்பைக் காட்டி "1830ஆம் வருஷத்துச் சரக்கு" என்று எவராவது சொன்னால், வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நகரலாம். ஒரு கம்பளத்தின் வயதைச் சொல்ல ரசாயன மாணவனைப் போல நம்பகமான சாட்சி இல்லை.

இனி மாமியார். திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் தையல் படித்தவர். ஒரு தையல் தப்பினால் ஸ்கேலால் விரலில் விழுமாம். மகளைப் பார்க்க லண்டன் வந்தவரை, விடியற்காலையில் மைதானத்தில் கூடும் ஒரு பழம்பொருள் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நூறு வயது தாண்டினால்தான் ஆன்டிக், அதற்குக் கீழே விண்டேஜ் என்று காரில் விளக்கினேன்.

"அப்ப நான்?" என்றார்.

"விண்டேஜ், அத்தை."

"விலை ஏறுமா?"

பின்சீட்டிலிருந்து மனைவி முறைத்ததால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

சந்தையில் ஒருவர் தார்ப்பாயின் மேல் கம்பளத்தை விரித்துவைத்து, பிரபு, பிரபுவின் அத்தை, அவர்களுடைய மாளிகை என்று கதையை ஆரம்பித்தார். நல்ல கதை, நானே உருகிக்கொண்டிருந்தேன். மாமியார் என் கையைத் தட்டினார். "மாப்ளே, கதையை அப்புறம் கேக்கலாம். மொதல்ல அதைத் திருப்பச் சொல்லுங்க."

திருப்பினால், பின்பக்கம் முழுவதும் பருத்தித் துணியால் உறை போட்டுத் தைத்திருந்தது. மாமியார் தார்ப்பாயில் குந்தி உட்கார்ந்து, வளையலில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றினார். கடைக்காரரின் முகம் வெளிறியதைப் பார்த்தேன். "எக்ஸ்பர்ட்" என்று நான் ஒரே சொல்லில் அறிமுகம் செய்தேன். அவருக்கு மறுக்கத் தைரியம் வரவில்லை. ஊக்கு முனையால் மூலையில் நாலைந்து தையலை நீக்கி, விரலை உள்ளே விட்டு, உறையை மடித்துப் பார்த்தார்.

"எல்லா நூலும் ஒரே நீளத்துல முடியுது. எல்லா முடிவும் ஒரே பக்கம் மடிஞ்சிருக்கு. இது சம்பளத்துக்குப் போட்டது, மாப்ளே. வீட்டுல உக்காந்து போட்டதில்ல." மேல் பக்கம் மங்கலாக இருந்தது சரி, வெயிலே படாத பின்பக்கமும் அதே அளவு பழுப்பாக இருந்தது. "டிகாஷன்ல முக்கி எடுத்திருக்கான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

புதுக் கம்பளத்துக்கு வயசு ஏற்ற உண்மையிலேயே தேயிலைத் தண்ணீரில் அலசும் வழக்கம் இந்த வியாபாரத்தில் இருக்கிறது. சீனாவிலிருந்து 1980களுக்குப் பிறகு விக்டோரியா பாணி, பிரெஞ்சுப் பாணி நீடில்பாயின்ட் கம்பளங்கள் ஏராளமாக வந்தன. கையால் போட்டவைதான்; தையல் சுத்தம். அவற்றை அவற்றின் பெயர் சொல்லி நானூறு பவுண்டுக்கு விற்றால் கும்பிட்டு வாங்கலாம். பிரபுவின் அத்தையை நடுவில் கொண்டுவருவதுதான் அயோக்கியத்தனம்.

அசல் பழசு எப்படி இருக்கும் என்பதை இரண்டு கடை தள்ளி மாமியார் காட்டினார். துண்டு துண்டாகத் தைத்து இணைத்த கம்பளம். ஒரு துண்டின் ரோஜா ரத்தச் சிவப்பு, அடுத்த துண்டின் ரோஜா செங்கல் சிவப்பு. நூல் தீர்ந்து வேறு கடையில் வாங்கியிருக்கிறாள் அதைத் தைத்த அம்மாள். கறுப்பு இருந்த இடங்களில் மட்டும் நூல் அரித்துக் கேன்வாஸ் தெரிந்தது. இரும்புச் சத்து சேர்த்துப் போடும் பழைய கறுப்புச் சாயம் கம்பளியைக் காலப்போக்கில் தின்றுவிடும். கடைக்கிளியின் கண் போனதும் அதனால்தான். கம்பளம் செவ்வகமாகவும் இல்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கட்டத்தின் குறுக்கே ஒற்றைச் சாய்வாகத் தைத்தால் ஆயிரக்கணக்கான தையலும் ஒரே பக்கம் இழுக்கும், துணி கோணும். பெருக்கல் குறியாகப் போட்டால் ஒன்றை இன்னொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நூலும் நேரமும் மிச்சம் பிடிக்கப் பார்த்தவர்கள் ஒற்றைச் சாய்வில் போட்டார்கள்.

மாமியார் பின்பக்கத்தை விரலால் படித்துக்கொண்டே போனார். "இங்க நல்லா நிதானமா போட்டிருக்கா. இங்க பாருங்க, நூலை இறுக்கிட்டா. மனசு சரியில்ல. யாரோ திட்டியிருக்காங்க."

யாராக இருக்கும் என்று நான் கேட்கவில்லை.

ஏலத்தில் மலிவாகக் கிடைக்கும் என்று சொல்லும் நண்பர்கள் எல்லாருக்கும் உண்டு. கணக்கு இதுதான். சுத்தியல் நானூறு பவுண்டில் விழுந்தால், ஏலக்காரருக்கு 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் நூறு. அந்த நூறுக்கு வரி 20 சதவீதம், இருபது. மொத்தம் 520. வேன் வாடகை தனி.

அந்தக் கோணல் கம்பளத்தின் விலையைக் கேட்டு நான் தயங்கியபோது மனைவி மேரி ராணியை எடுத்து வீசினாள். ஐந்தாம் ஜார்ஜின் மனைவி, எலிசபெத் ராணியின் பாட்டி. போர் நடந்துகொண்டிருந்த 1941இல் தொடங்கி, பன்னிரண்டு துண்டுகளில், பத்து லட்சம் தையலுக்கு மேல் போட்டு, 1950இல் ஒரு கம்பளத்தை முடித்தார். துண்டுக்குத் துண்டு கையெழுத்து. கடனில் தத்தளித்த பிரிட்டனுக்கு அப்போது டாலர் தேவை. பாட்டி தைத்த கம்பளத்தை வட அமெரிக்கா முழுக்க ஊர் ஊராகக் காட்சிக்கு அனுப்பினார்கள். கனடாவின் பெண்கள் அமைப்பு ஒன்று ஒரு லட்சம் டாலருக்கு அதை வாங்கி, நாட்டின் தேசியக் கலைக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டது.

"நம்ம வீட்டுக் கடனுக்கும் இப்படி ஒரு வழி இருக்கா?" என்றேன்.

"நீங்க உக்காந்து தையுங்க. நான் கனடாவுக்குப் பேசறேன்" என்றாள்.

கோணல் கம்பளத்தை அறுநூறு பவுண்டுக்கு வாங்கினோம். மாமியார் நூறு குறைத்ததற்குப் பிறகு வந்த விலை அது. எந்த மொழியில் குறைத்தார் என்று இன்றுவரை தெரியவில்லை. கம்பளியைத் தின்பது அந்துப் பூச்சியின் புழு. அதைக் கொல்ல, பாலித்தீனில் சுற்றி மைனஸ் 18 டிகிரி குளிரில் இரண்டு வாரம் வைக்க வேண்டும் என்பது அருங்காட்சியகங்களிலும் நடக்கும் வைத்தியம். கராஜில் இருக்கும் பெட்டி ஃபிரீசரிலிருந்து வஞ்சிரமும் முருங்கைக்காயும் பெயர்த்து எடுக்கப்பட்டன. அந்த இரண்டு வாரமும் வீட்டில் மூன்று வேளையும் மீன் குழம்பு.

இப்போது ஹாலில் விரித்திருக்கிறோம். சுவரை ஒட்டிப் போட்டால் சுவர்தான் கோணலோ என்று தோன்றுகிறது, அதனால் நடுவில். வேக்குவம் போடும்போது சுழலும் பிரஷ்ஷைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் நூலைப் பிடுங்கிவிடும்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செருப்பை வாசலில் விடுங்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு கம்பளத்தின் மேல் ஏறாதீர்கள். கொட்டிவிட்டால் பதறித் தண்ணீர் ஊற்றாதீர்கள். சாயம் ஓடும், கேன்வாஸ் சுருங்கும். வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். கொட்டியது சாம்பார் என்றால் ஒற்றவும் வேண்டாம். என் மனைவி சமையலறையிலிருந்து வருவதற்குள் கிளம்பிவிடுங்கள். நான் கொட்டியதாகவே இருக்கட்டும்.